யார் முடிவு செய்தது? அரசியல் அறிவியலை முதன்முதலாகப் படிக்க வருபவர்களுக்கு

"பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்க அரசு முடிவு செய்துள்ளது."

செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம். இந்தப் பாடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதில் அரசு என்றால் யார்?"

பதில்கள் சரமாரியாக வரும். முதலமைச்சர் என்பார் ஒருவர். கல்வி அமைச்சர், அதிகாரிகள், ஆளுங்கட்சி என்று ஆளுக்கொன்று. ஒருமுறை ஒரு மாணவி, "நாமதான் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சொன்னதும் தப்பில்லை.

ஆணையில் கையெழுத்துப் போட்டவர் ஒரு துறைச் செயலாளராக இருக்கலாம். முடிவெடுத்தவர் அமைச்சர். அமைச்சருக்கு அந்த அதிகாரம் வந்தது சட்டமன்றம் எப்போதோ இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து. சட்டமன்றத்துக்கு ஆளனுப்பியவர்கள் வாக்காளர்கள். நாளைக்கே யாராவது வழக்குப் போட்டால் அந்த ஆணையை நிறுத்திவைக்க நீதிமன்றத்தால் முடியும். 'அரசு' என்ற மூன்றெழுத்துக்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாக அடையாளம் காணப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் முதல் வேலை. யார் முடிவு செய்தது, எந்த உரிமையில் செய்தது, அவரைத் தடுக்க யாரால் முடியும்? வருடம் முழுக்க எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் இந்த மூன்று கேள்விகள்தான் வேறு வேறு உடையில் வந்து நிற்கும்.

சொற்களிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. அரசு, அரசாங்கம், ஆட்சி, நாடு ஆகிய நான்கையும் பேச்சில் மாற்றி மாற்றிப் போடுகிறோம். பாடப்புத்தகம் அப்படிப் போடாது. அங்கே அரசு வேறு, அரசாங்கம் வேறு.

தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது அரசாங்கம். யார் வந்தாலும் போனாலும் நிற்பது அரசு. ஓர் அரசாங்கம் வெளியில் வாங்கிய கடனை, அதைத் தேர்தலில் தோற்கடித்துவிட்டு வந்த அடுத்த அரசாங்கம் கட்டுகிறது. "அது அவங்க வாங்கினது, எங்களுக்கு என்ன?" என்று சொல்ல முடியாது. கடன்பட்டது அரசு, கையெழுத்து மட்டும்தான் போன அரசாங்கத்தினுடையது. ஒப்பந்தங்கள், நீதிமன்றங்கள், காவல்துறை, ராணுவம், நிரந்தர அதிகாரிகள் எல்லாம் அரசின் பக்கம் சேர்பவை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919-ல் ஆற்றிய ஓர் உரையில் அரசுக்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு நிலப்பரப்புக்குள் பலத்தைப் பயன்படுத்தும் நியாயமான உரிமை தனக்கு மட்டுமே என்று உரிமை கொண்டாடி, அதை மற்றவர்கள் ஏற்கும்படி செய்துவிட்ட அமைப்புதான் அரசு என்பது அதன் சாரம். கேட்கும்போது கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். யோசித்துப் பாருங்கள்: ஒருவரைக் காவலர் அறையில் வைத்துப் பூட்டினால் அது கைது. அதையே பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் குற்றம். செயல் ஒன்றுதான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 'நியாயமான' என்ற சொல்லிலிருந்து. அந்த நியாயத்தை யார் கொடுத்தார்கள் என்று தோண்டப் போனவர்கள்தான் நீங்கள் படிக்கப்போகும் ஹாப்ஸ், லாக், ரூசோ என்ற தத்துவவாதிகள் எல்லாரும்.

அடுத்து 'அரசியல்'. இந்தச் சொல்லுக்குப் பேச்சு வழக்கில் நல்ல பெயர் இல்லை. "என்கிட்ட அரசியல் பண்ணாதே" என்றால் சூழ்ச்சி என்று அர்த்தம். "இதுல அரசியல் வேண்டாம்" என்றால் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். பாடத்தில் இதன் பொருள் அகலமானது. ஒத்த கருத்தில்லாத பலர் ஒரே இடத்தில் வாழ வேண்டியிருக்கிறது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் முடிவு ஒன்று எடுத்தாக வேண்டும். அதை எடுக்கும் வழிதான் அரசியல். எல்லாரும் ஒரே மாதிரி நினைத்தால் அரசியலே தேவைப்படாது. ஒருவர் மட்டும் இருக்கும் தீவிலும் தேவைப்படாது.

கிரேக்கத்தில் 'பொலிஸ்' என்றால் நகர அரசு. பாலிடிக்ஸ் என்ற சொல் பிறந்தது அங்கேதான். அரிஸ்டாட்டிலும் அவர் மாணவர்களும் 158 நகர அரசுகளின் ஆட்சியமைப்புகளைத் தொகுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நமக்கு மிஞ்சியிருப்பது ஏதென்ஸ் பற்றியது மட்டும்தான். 'எது நல்லாட்சி' என்று உட்கார்ந்து யோசித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் ஊராக என்ன நடக்கிறது என்று சேகரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பாடத்தின் அடிப்படைப் பழக்கம் இன்றைக்கும் அதுவே: ஒப்பிடு.

இருப்பதும் இருக்க வேண்டியதும்

ஆரம்ப மாதங்களில் விடைத்தாளில் நான் அதிகம் சிவப்புக் கோடு போடும் இடம் இது. இரண்டு வகைக் கேள்விகளை மாணவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

வாக்களிக்கும் வயதை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 21 ஆக இருந்தது; 61-வது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 1989-ல் 18 ஆனது. ஆஸ்திரியாவில் 2007 முதல் 16. பிரேசிலில் 16 வயதில் விரும்பினால் போடலாம், 18-ல் கட்டாயம். இவையெல்லாம் 'என்ன இருக்கிறது' என்பதற்கான பதில்கள். சரிபார்க்கலாம்; தப்பென்றால் தப்பு.

'16 வயதில் வாக்குரிமை தரலாமா?' என்பது வேறு வகை. ஆஸ்திரியாவில் தந்திருக்கிறார்கள், அதனால் தரலாம் என்பது பதிலாகாது. ஒரு நாட்டில் இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. சுவிட்சர்லாந்தில் 1971 வரை தேசியத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. நியூசிலாந்தில் 1893-லேயே வந்துவிட்டது. இடையில் இருந்த 78 ஆண்டுகளும் 'இருக்கிறது' என்பதற்காகச் சுவிட்சர்லாந்தின் நிலை சரியாக இருந்ததா? இந்த வகைக் கேள்விக்குக் காரணங்களை அடுக்க வேண்டும். எந்த மதிப்பை முன்னே வைக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சுதந்திரமா, சமத்துவமா, முதிர்ச்சியா, பொறுப்பா?

இரண்டும் பாடத்தில் உண்டு, இரண்டும் தேவை. எந்த வரியில் எதைச் செய்கிறோம் என்று எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று தூண்களும் ஒரு புத்தகமும்

சட்டம் இயற்றுவது சட்டமன்றம், நடைமுறைப்படுத்துவது நிர்வாகத்துறை, பொருள் சொல்வதும் தகராறு தீர்ப்பதும் நீதித்துறை. இது சின்ன வகுப்பிலேயே படித்ததுதான் என்பதால் நீட்டவில்லை. மூன்றும் ஒரே கையில் இருந்தால் சுதந்திரம் இருக்காது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748-ல் எழுதினார். ஆனால் மூன்றையும் எங்கும் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கவில்லை. பிரிட்டன், இந்தியா போன்ற நாடாளுமன்ற முறையில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

இந்த மூன்றுக்கும் எல்லை போடுவது அரசமைப்பு. பெரும்பாலான நாடுகளில் அது ஒரே ஆவணமாக இருக்கிறது. பிரிட்டனில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எல்லாம் சேர்ந்துதான் அரசமைப்பு. நியூசிலாந்தும் இஸ்ரேலும்கூட ஒரே ஆவணம் இல்லாத நாடுகள்தான்.

எழுதி வைத்த அரசமைப்பை நாடாளுமன்றம் நினைத்தபடி திருத்தலாமா? இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து இதைத்தான் விசாரித்தார்கள். 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று முடிவானது. மக்கள் தேர்ந்தெடுத்த சபையை, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் தடுக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வகுப்பில் இதை எடுத்தால் மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஓட்டு, மூன்று கதைகள்

விதி என்றால் என்ன, அதன் எடை என்ன என்பதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த மூன்று வாக்கெடுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது.

முதலாவது லண்டன், 1979 மார்ச் 28. பிரதமர் ஜேம்ஸ் கலாகனின் தொழிற்கட்சி அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். 311-க்கு 310. அரசாங்கம் தோற்றது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார், அவரைக் கொண்டுவரவில்லை. அவர் வந்திருந்தால் சமநிலை ஆகியிருக்கும். மே மாதம் பொதுத்தேர்தல் நடந்தது, மார்கரெட் தாட்சர் பிரதமரானார்.

இரண்டாவது புது தில்லி, 1999 ஏப்ரல் 17. கூட்டணியிலிருந்து அ.தி.மு.க. விலகியதால் பிரதமர் வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த 270-ல் ஒன்று கிரிதர் கமாங் போட்டது. அவர் அப்போது ஒடிசாவின் முதலமைச்சர். மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் விடாமல் இருந்தார். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசமைப்பு அனுமதிக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு மாநில முதலமைச்சர் மத்திய அரசாங்கத்தின் தலைவிதியில் ஓட்டுப் போட்டார். முறையா என்று அன்று பெரிய சர்ச்சை. ஆனாலும் ஓட்டு ஓட்டுதான். மக்களவை கலைந்தது. சில மாதங்களில் நடந்த தேர்தலில் வாஜ்பாயே திரும்பி வந்தார்.

மூன்றாவது வாஷிங்டன், 1868. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்கம் செய்ய செனட் சபையில் விசாரணை. 54 உறுப்பினர்கள். குற்றவாளி என்றவர்கள் 35, இல்லை என்றவர்கள் 19. பெரும்பான்மை அவருக்கு எதிராகத்தான் இருந்தது, அதுவும் சின்னப் பெரும்பான்மை இல்லை. ஆனால் அமெரிக்க அரசமைப்பு கேட்பது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36. ஒன்று குறைந்தது. அவர் பதவியில் நீடித்தார்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். லண்டனிலும் தில்லியிலும் பாதிக்கு மேல் ஒரே ஓட்டு கிடைத்தாலும் அரசாங்கம் வீடு போக வேண்டும். வாஷிங்டனில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றும் அதிபர் போகவில்லை. நாடாளுமன்ற முறையில் பிரதமர் சபையின் நம்பிக்கை இருக்கும் வரைதான் பிரதமர். சபைக்குப் பிடிக்கவில்லை என்பதே போதும், அவர் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. அதிபர் முறையில் அதிபரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் பிடிக்கவில்லை என்று அனுப்பவும் முடியாது; குற்றம் சாட்டி, நிரூபித்து, பெரிய பெரும்பான்மை காட்ட வேண்டும். இன்றுவரை எந்த அமெரிக்க அதிபரையும் செனட் அப்படி நீக்கியதில்லை.

எது மேல்? ஒரு முறையில் அரசாங்கம் சுலபமாகக் கவிழும். இன்னொன்றில் வேண்டாத தலைவரோடு பதவிக்காலம் முடியும்வரை கட்டிக்கொண்டு அழ வேண்டும். மேற்கு ஜெர்மனி 1949-ல் 'அடிப்படைச் சட்டம்' என்ற தன் அரசமைப்பை எழுதியபோது நடுவில் ஒரு வழி கண்டது: ஆட்சித் தலைவரைச் சபை நீக்கலாம், ஆனால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவர் யார் என்றும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கவிழ்க்க மட்டும் கூடிவிட்டு, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போக முடியாது. 1982-ல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது இப்படித்தான்.

அத்தியாயத் தலைப்பில் 'நாடாளுமன்ற முறை – அதிபர் முறை: வேறுபாடுகள்' என்று போட்டு இரண்டு பத்தி அட்டவணை கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்பவர்களுக்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும். எதிராக 35 ஓட்டு விழுந்தும் அனுப்ப முடியாத அதிபரை மறக்க முடியுமா?

முப்பது பேர், மூன்று இடங்கள்

தேர்தல் முறைகள் என்றாலே கணக்கு என்று ஓடுபவர்கள் உண்டு. கூட்டல் தெரிந்தால் போதும்.

30 பேர் கொண்ட வகுப்பு சுற்றுலா போகிறது. கடல், மலை, அருங்காட்சியகம் என்று மூன்று இடங்கள். 12 பேருக்குக் கடல்தான் முதல் விருப்பம், பிறகு அருங்காட்சியகம், கடைசியில் மலை. 10 பேருக்கு மலை, அருங்காட்சியகம், கடல் என்ற வரிசை. மீதி 8 பேருக்கு அருங்காட்சியகம், மலை, கடல்.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்று கை தூக்கச் சொன்னால் கடலுக்கு 12, மலைக்கு 10, அருங்காட்சியகத்துக்கு 8. கடல் வெற்றி. ஆனால் கவனியுங்கள், மீதி 18 பேருக்கும் கடல்தான் கடைசி விருப்பம்.

சரி, பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி, இல்லையென்றால் முதல் இரண்டுக்கும் மறுபோட்டி என்று விதியை மாற்றுவோம். அருங்காட்சியகம் வெளியேறும். அதன் 8 பேர் இப்போது மலைக்குப் போடுவார்கள். மலை 18, கடல் 12. மலை வெற்றி.

இன்னொரு முறை. முதல் விருப்பத்துக்கு 2 மதிப்பெண், இரண்டாவதற்கு 1, கடைசிக்கு 0. கடலுக்கு 24, மலைக்கு 28, அருங்காட்சியகத்துக்கு 38. இப்போது அருங்காட்சியகம் வெற்றி. கை தூக்கியபோது கடைசியாக வந்தது இதே அருங்காட்சியகம்தான். ஒவ்வொரு இடத்தோடும் தனித்தனியாக மோதவிட்டுப் பார்த்தாலும் கடலை 18-க்கு 12 என்றும், மலையை 20-க்கு 10 என்றும் அது ஜெயிக்கிறது.

யாரும் மனம் மாறவில்லை. யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. எண்ணும் விதி மாறியது. வெற்றி பெற்றவர் மாறினார். 'மக்கள் தீர்ப்பு' என்று நாம் சொல்வதில் மக்கள் பாதி, விதி பாதி. விருப்ப வரிசையை வைத்து எண்ணும்போது, நியாயமான சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் வாக்களிப்பு முறை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்புகளுக்குச் சாத்தியமே இல்லை என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-ல் கணித முறையில் நிறுவிக் காட்டினார். ஆக, குறையே இல்லாத தேர்தல் முறையைத் தேடி யாரும் அலைய வேண்டாம். எந்தக் குறையோடு வாழத் தயார் என்பதுதான் கேள்வி.

கை தூக்கும் முதல் முறையைத்தான் தொகுதி அளவில் இந்தியாவும் பிரிட்டனும் பின்பற்றுகின்றன. 2014-ல் பா.ஜ.க. 31 சதவீத வாக்குகளோடு 543-ல் 282 இடங்களைப் பிடித்தது. 2024-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி 34 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளோடு 650-ல் 411. சட்டப்படி எல்லாம் சரிதான். இலங்கை அதிபர் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவருக்கு மட்டும் அடுத்த விருப்பங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் ஏட்டளவில் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் முதன்முதலாகத் தேவைப்பட்டது. நியூசிலாந்து மக்கள் 1993-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தங்கள் பழைய முறையையே மாற்றிக்கொண்டார்கள். 1996 முதல், வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் தரும் விகிதாசாரம் கலந்த முறை. அதன் பிறகு 2020 வரை அங்கே எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மற்றக் கட்சிகளின் துணையோடுதான் ஆட்சி. வாக்குகளுக்கும் இடங்களுக்கும் பொருத்தம் வேண்டும் என்றால் இது நல்ல செய்தி. ஒரே கட்சி பொறுப்பேற்றுச் சொன்னதைச் செய்ய வேண்டும் என்றால் அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

கொள்கைகள் பற்றிக் கொஞ்சம்

இடதுசாரி, வலதுசாரி என்ற சொற்கள் ஒரு நாற்காலி விவகாரத்தில் பிறந்தவை. 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் சட்டங்களைத் தடுக்க அரசருக்கு இருக்கும் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் சபைத் தலைவருக்கு வலப்பக்கமும், எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அந்த உட்காரும் வரிசையை இன்றும் உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். தாராளவாதம், பழமைவாதம், சோசலிசம், தேசியவாதம், பெண்ணியம், சூழலியம் என்று நீங்கள் படிக்கப்போகும் ஒவ்வொன்றும் மனிதர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிய ஓர் ஊகத்தில் தொடங்குகிறது. மனிதர் பகுத்தறிந்து தனக்கு நல்லதைத் தேர்ந்துகொள்வார் என்று நம்புகிறவருக்கு ஒருவகை அரசு போதும். தவறக்கூடியவர், மரபு என்ற கைப்பிடி வேண்டும் என்கிறவருக்கு வேறு வகை. அந்த ஊகத்தைப் பிடித்துவிட்டால் கொள்கையின் மற்ற கிளைகள் தானாக விளங்கும். கட்சிகளின் பெயரை வைத்துக் கொள்கையை ஊகிக்காதீர்கள். பெயரில் இருப்பது செயலில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

சபைக்கு வெளியே

அரசியல் என்பது தேர்தலும் நாடாளுமன்றமும் மட்டும் என்று நினைத்தால் பாதிப் பாடம் போய்விடும். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் ராஜஸ்தான் கிராமங்களில் போய் நிற்போம். 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு, அரசு வேலைகளில் கூலி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் காட்டச் சொல்லிப் போராடியது. ஊர்க்கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியதாக இருக்கும் பெயரைக் கேட்டதும் அந்தப் பெயருக்கு உரியவரே எழுந்து நின்று இல்லை என்பார். கூலி எங்கே என்ற கேள்விதான் கடைசியில் 30 நாளில் பதில் தர வேண்டும் என்று எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்தைக் கேட்கக்கூடிய சட்டமாக வளர்ந்தது. அவர்கள் யாரும் அதற்காகத் தேர்தலில் நின்று ஆட்சியைப் பிடிக்கவில்லை. அழுத்தக் குழுக்கள், சமூக இயக்கங்கள், ஊடகங்கள் என்று அத்தியாயத்தில் வரும் சொற்களுக்கு இப்படி ஓர் உருவம் கொடுத்துப் படியுங்கள்.

வகுப்பும் விடைத்தாளும்

வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி: "கட்சி அரசியலா சொல்லித் தர்றாங்க?" இல்லை. நல்ல ஆசிரியர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று வருடக் கடைசி வரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கென்று ஒரு சார்பு இருப்பதில் தவறும் இல்லை. ஆனால் நீங்கள் ஏற்காத தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்புக்காரர் படித்தால் 'ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்' என்று தலையாட்டும்படி எழுத வர வேண்டும். இது கடினம். எனக்கே சில நாள் வராது.

விடை எழுதுவதை ஒரு மாதிரி காட்டிச் சொல்கிறேன். கேள்வி: 'விகிதாசாரப் பிரதிநிதித்துவமே சிறந்த தேர்தல் முறை – விவாதி.' பத்துக்கு மூன்று வாங்கும் விடை இப்படித் தொடங்கும்: "விகிதாசார முறை மிகச் சிறந்தது. இதில் அனைவருக்கும் நியாயம் கிடைக்கும். மக்களாட்சி வலுப்பெறும்." ஒவ்வொரு வரியும் கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு வரிகூட எதையும் நிறுவவில்லை.

எட்டு வாங்கும் விடை: "2015 பிரிட்டன் தேர்தலில் 12.6 சதவீத வாக்குகள் பெற்ற ஒரு கட்சிக்கு ஒரே இடம், 4.7 சதவீதம் பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 56 இடங்கள். வாக்குகளும் இடங்களும் பொருந்துவதே அளவுகோல் என்றால் தொகுதி முறை இங்கே தோற்கிறது. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனக்கென்று பதில் சொல்லும் ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது அளவுகோலானால், கட்சிப் பட்டியலிலிருந்து உறுப்பினர்கள் வரும் முறை பின்தங்குகிறது." இதில் வேலை செய்யும் சொல் 'அளவுகோல்'. சிறந்தது என்று ஒன்றைச் சொல்லும்போது எதை வைத்து அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். அளவுகோலைச் சொன்ன பிறகு ஒரு முடிவுக்கும் வாருங்கள். 'இரண்டிலும் நன்மை தீமை உண்டு' என்று முடிப்பது விவாதம் இல்லை, நழுவல்.

தினம் ஒரு செய்தியைப் படித்து, அதில் 'அரசு' என்று வருமிடத்தில் உண்மையான ஆளைப் பென்சிலால் எழுதிப் பழகுங்கள். மசோதாவா, நிறைவேறிய சட்டமா, அவசரச் சட்டமா, அரசாணையா என்று பிரித்துப் பாருங்கள். செய்திகளே இவற்றை மாற்றி எழுதும்போது பிடித்துவிடுவீர்கள். அதில் ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. பாடப்புத்தகத்தோடு உங்கள் நாட்டு அரசமைப்பின் மூலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டுங்கள். வழக்கறிஞர்களுக்கு மட்டும் எழுதியது என்று பயப்பட வேண்டாம். முகப்புரை அரைப் பக்கம்கூட இருக்காது.

சுற்றுலாக் கணக்கை ஒருமுறை வகுப்பில் போட்டுக் காட்டி முடித்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்டான்: "சார், அந்த மூணு இடத்தைப் பட்டியல்ல போட்டது யாரு?"

நான்தான். போட்டுவிட்டு அவர்களையே தீர்மானிக்கச் சொல்லியிருந்தேன். அவர்களும் மும்முரமாகத் தீர்மானித்தார்கள். அமெரிக்க அறிஞர்கள் பீட்டர் பக்ராக், மார்ட்டன் பராட்ஸ் இருவரும் 1962-ல் இதை அதிகாரத்தின் இன்னொரு முகம் என்றார்கள்: முடிவெடுப்பது மட்டும் அதிகாரம் இல்லை, எது முடிவுக்கே வராது என்று தீர்மானிப்பதும் அதிகாரம்தான். 1974-ல் பிரிட்டிஷ் அறிஞர் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி போனார். மக்கள் எதை விரும்ப வேண்டும் என்பதையே வடிவமைத்துவிட்டால் தடுக்க வேண்டிய தேவையே வராது, அது அதிகாரத்தின் மூன்றாவது பரிமாணம் என்றார். இதையெல்லாம் அடுத்த பருவத்தில் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அந்தப் பையன் அன்றைக்கே எடுக்க வைத்துவிட்டான்.

அடுத்த முறை பட்டியலை அவர்களையே தயாரிக்கச் சொன்னேன். பதினோரு இடங்கள் வந்தன. எந்த முறையில் எண்ணுவது என்று பேசியதிலேயே இரண்டு பீரியட் போய்விட்டது.